மாராத்தாள் எந்த நாட்டுக்காரி

1943 ஜனவரி 11, கோயம்புத்தூர்

புது நோட்டு. பழையதை வெந்நீர் அடுப்பில் போட்டாயிற்று. காரணம் எனக்குத் தெரியும், அது போதும். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் தன் வீட்டு நோட்டில்கூடப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

வேலை பற்றி எழுதினால் தப்பில்லை. யுத்தப் பிரசாரப் பட வண்டியில் நான் வர்ணனையாளன். வேன் ஊர் ஊராகப் போகும், திரை கட்டுவோம், படம் ஓடும். படத்துக்குள் ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருப்பார். ஆபரேட்டர் சவரிமுத்து அவர் குரலை அடைத்துவிடுவான். நான் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்வேன். ஊமைப்பட நாளில் டூரிங் கொட்டகையில் கதை சொன்னவன் நான். பேசும் படம் வந்து என் வாயை மூடியது, ஹிட்லர் வந்து திறந்தான். இதை எங்கள் அதிகாரி ராவ் சாகிப் வைத்தமாநிதியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

டெல்லியிலிருந்து புதுப்படம் வந்திருக்கிறது. பதினோரு நிமிஷம். கூடவே வந்த இங்கிலீஷ் தாளில், "பாரசீகத்தில் பஹ்லவி துறைமுகம், 1942 ஏப்ரல். ருஷ்யாவிலிருந்து விடுதலையாகிக் கப்பலில் வரும் போலந்து மக்கள்" என்று இருந்தது. யுத்தத் தொடக்கத்தில் ருஷ்யா பிடித்துக்கொண்டு போனவர்களாம். கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். பேன் தொல்லைக்காகத் தலையை மழித்திருக்கிறார்கள். ரொட்டியை வாங்கிப் பாதியைக் கடிக்கிறாள், பாதியைச் சட்டைக்குள் ஒளிக்கிறாள். காமிராவைப் பார்த்ததும் நாக்கை நீட்டுகிறாள்.

என் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. திரையில் யாராவது ஒருத்தருக்கு நம் ஊர்ப் பேர் வைத்துவிடுவேன். பேர் இல்லாதவருக்காக ஜனங்கள் அழமாட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு மாராத்தாள் என்று வைத்தேன்.

ஜனவரி 30, அன்னூர்

சந்தைத் திடலில் நல்ல கூட்டம். "இதோ வருகிறாள் போலந்து நாட்டு மாராத்தாள். பிறந்த மண்ணைப் பறிகொடுத்தவள்" என்று ஆரம்பித்ததுமே பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ரொட்டியை ஒளித்தபோது ஒருத்தி, "வச்சுக்க கண்ணு, வச்சுக்க. ராத்திரிக்கு வேணுமில்ல" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

சவரிமுத்து ஒரு சின்ன நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டே இருந்தான். கேட்டால் எத்தனை அடி பிலிம் ஓடியது என்ற கணக்காம். பார்க்க வேண்டும்.

மார்ச் 14, கோயம்புத்தூர்

ராவ் சாகிப் பாஸ் கொடுத்து ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துவரச் சொன்னார். அதில் போலந்துக்காரர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கவனித்து என் வர்ணனைக்கு மெருகேற்ற வேண்டுமாம். இரண்டு வருஷத்துப் பழைய படம். போலந்து விமானி பியானோ வாசிக்கிறான், தாய்நாட்டை நினைத்துக் கண்கலங்குகிறான், லண்டனில் ஒரு பெண் அவனுக்காகக் காத்திருக்கிறாள். அழகான பையன். லோகாம்பாளை அழைத்துப் போகவில்லை என்று அவளுக்குக் கோபம். தண்டனையாக மண்ணெண்ணெய்க்கு நான்தான் வரிசையில் நின்றேன்.

ஏப்ரல் 28

ராவ் சாகிப் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பேப்பர் பார்த்தீரா ஓய்?"

பார்த்திருந்தேன். ருஷ்யாவில் ஒரு காட்டுக்குள் போலந்து ஆபீசர்கள் ஆயிரக்கணக்கில் புதைந்து கிடக்கிறார்கள் என்று ஜெர்மனி சொல்கிறது. கொன்றது ருஷ்யா என்கிறது. ருஷ்யா, இல்லை, ஜெர்மனி என்கிறது. செஞ்சிலுவைச் சங்கம் வந்து பார்க்கட்டும் என்று லண்டனில் இருக்கும் போலந்து சர்க்கார் கேட்டது. அதற்கு ருஷ்யா கோபித்துக்கொண்டு போலந்தோடு உறவே இல்லை என்று அறிவித்துவிட்டது.

"உண்மையில் யார் செய்தது சார்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது நம்ம இலாகா இல்லை. ருஷ்யா சண்டை போடறது, போலந்து பேசறது. சண்டை போடறவன் பக்கம்தான் படம் ஓடும். இனிமே மைக்கில போலந்துங்கற வார்த்தையே வரப்படாது. ருஷ்யாவிலேர்ந்து பட்டினியா வந்தான்னு சொன்னா, பட்டினி போட்டது யாருன்னு எவனாவது கேப்பான்."

பழைய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். என் கண்ணெதிரே மேஜை இழுப்பில் வைத்துப் பூட்டினார். பூட்டியதை நான் பார்க்க வேண்டும் என்றே பூட்டினாரோ என்னவோ.

மே 9

படத்தை வெட்டிப் புதிதாக அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் இல்லை. போலந்துக் கொடி இல்லை. மற்றதெல்லாம் அப்படியே. புதுத் தாள், "ஜெர்மானியர் விரட்டியடித்த ருஷ்யக் குடியானவர்கள்" என்கிறது. மாராத்தாள் அதே ரொட்டியை அதே சட்டைக்குள் ஒளிக்கிறாள்.

எனக்கென்ன. தாளில் உள்ளதைச் சொல்வது என் வேலை.

மே 22, அன்னூர்

அவமானம். படம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"ஏனுங் சாமி, தை மாசம் மாராத்தா போலந்துக்காரியா இருந்தாளே. இப்ப எப்படிங் ருஷ்யாவுக்குக் குடி போனா? கட்டிக் குடுத்துட்டீங்களா?"

திடலே சிரித்தது. நாட்டை மாற்றியவன் பேரை மாற்ற மறந்துவிட்டேன். வேறு எந்த வேலைக்காரனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். பேரை நானே வைத்ததால் அவள் என்னவோ எனக்குச் சொந்தம் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேர் கேட்டேன். எந்தக் கட்சியின் ஆள் என்று தெரிய வேண்டுமே. "நானும் மாராத்தாதானுங். அதனாலதான் நெனப்பு இருக்குது" என்றாள். பருத்தி எடுக்கப் போகிறவள். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 6

இன்னொரு இங்கிலீஷ் படம், புத்தம் புதியது. போலந்துக்காரன் இதில் ஜமீன்தார். குடியானவர்களைச் சவுக்கால் அடிக்கிறான். ருஷ்யப் படை வந்ததும் மேஜைக்கடியில் புகுந்துகொள்கிறான். கொட்டகை சிரித்தது, நானும் சிரித்தேன். பியானோ வாசித்த பையன் எங்கே போனான் என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 12, குன்னூர்

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். நாளை யாராவது கேட்டால் நான் சொன்னதில் மாற்றம் இருக்கக் கூடாது.

எஸ்டேட் ஆட்களுக்கும் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளுக்கும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடக் கூடத்தில் படம் போட்டோம். இந்தத் தடவை பேரே வைக்கவில்லை, "ருஷ்யப் பெண்" என்று மட்டும் சொன்னேன். அவள் ரொட்டியைக் கடிக்கும் இடத்தில், கன்னியர் பெஞ்சிலிருந்து ஒரு வெள்ளைக்காரி எழுந்து நேரே திரைக்குப் போனாள். திரையில் கையை வைத்தாள். அந்தப் பெண்ணின் முகம் அவள் கைமேல் விழுந்தது. "திரையைத் தொடாதீர்கள் அம்மா" என்று இங்கிலீஷில் சொன்னேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது.

முடிந்ததும் வேனுக்கு வந்தாள். பேர் ஸ்டெபானியா. மடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் போலந்து அகதி. தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசினாள்.

"இந்தப் படம் எங்கே எடுத்தது?"

"ருஷ்யா."

"அவள் என் மகள் ஹான்கா. தாஷ்கண்ட் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்தில் வெந்நீர் பிடிக்க இறங்கினாள். ரயில் புறப்பட்டுவிட்டது. பதினாறு மாதம் ஆகிறது."

நான் பிலிம் பெட்டியை மூடினேன்.

"பின்னால் கடல் தெரிந்தது. அங்கே என்ன கடல்?"

"ஏரி" என்றேன்.

"நானும் பாரசீகம் வழியாகத்தான் வந்தேன். அந்தக் கரை மாதிரி இருந்தது. எந்த இடம், எந்த மாதம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பம்பாயில் எங்கள் நாட்டுப் பிரதிநிதி, கான்சல், இருக்கிறார். பாரசீகம் என்றால் அகதி முகாம் ஒவ்வொன்றிலும் தேடச் சொல்வார். ருஷ்யா என்றால் தேட யாரும் இல்லை."

"ருஷ்யாதான். தாளில் அப்படித்தான் இருக்கிறது" என்று தாளைக் காட்டினேன். அதை இரண்டு தடவை படித்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சேலத்தில் ஒரு வர்ணனையாளனிடம் இப்படித்தான் யாரோ நல்லவர் மாதிரி வந்து பேச்சுக் கொடுத்தார்களாம். மறுவாரம் அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. இவளும் அப்படி என்னைச் சோதிக்க அனுப்பப்பட்டவளாக இருக்கலாம். பாரசீகம் என்ற வார்த்தையை ஏன் அவளாகவே எடுத்தாள்? பெற்றவள் என்றால் அழுதிருக்கமாட்டாளா? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

திரும்பும்போது சவரிமுத்து, "சொல்லியிருக்கலாமுங் சார்" என்றான். "எதை?" என்று கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 14

ராவ் சாகிப்பிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முந்திக்கொள்வதுதான் புத்தி.

"நீர் என்ன சொன்னீர்?"

"ருஷ்யா என்றேன்."

"பேஷ்" என்றார். எங்கள் இலாகாவில் இன்ஸ்பெக்டர் பதவி நிரந்தரமாக ஒன்று வருகிறதாம். என் பேரை எழுதப் போகிறாராம். லோகாம்பாளுக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போனேன். "என்ன விசேஷம்?" என்றாள். வேலை விஷயம் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்காரி அனுப்பப்பட்டவள்தான் என்றால் ராவ் சாகிப் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்கும். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

ஜூன் 25

படம் ஒரு இடத்தில் துள்ளுகிறது. அந்தப் பெண் நாக்கை நீட்டும் இடம்.

"தேஞ்சு போச்சுங். வெட்டி ஒட்டினேன்" என்றான் சவரிமுத்து.

"வெட்டின துண்டு எங்கே?"

"குப்பையிலீங்க."

குப்பையைக் கிளறினேன். இல்லை. அந்தத் துண்டு எந்த மடத்தில், யாருடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாராந்திர ரிப்போர்ட்டில் "பிலிம் தேய்மானம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் அப்படி எழுதினேன் என்று யோசிக்கவில்லை.

ஜூலை 4

நிரந்தர வேலைக்கான விண்ணப்பம் வந்தது. இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசனை. பழைய நோட்டை எரித்ததே இதற்காகத்தான்.

பதினாலாவது கேள்வி: "உறவினர் எவரேனும் ஆகஸ்ட் கலவரத்தில் ஈடுபட்டவரா?" தற்காலிக வேலைக்கு எழுதினபோதே, "இல்லை. உடன்பிறந்தோர் எவரும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். என் தம்பி ஏகாம்பரம் போன ஆகஸ்டில், காங்கிரஸ் கலகத்தில், தந்திக் கம்பியை அறுத்ததற்காகப் பெல்லாரி ஜெயிலில் இருக்கிறான். மறுபடியும் அதையே எழுதினேன்.

லோகாம்பாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்க தம்பிகிட்ட இருந்து கடுதாசி வந்துது. எனக்குத்தான் போட்டிருக்காரு."

"எப்படி வந்தது? யார் கொண்டு வந்தது?"

"தபால்காரர்தான். சொந்தக்காரங்க யாருன்னு ஜெயில்ல கேட்டாங்களாம். அண்ணன் இருக்காருன்னு உங்க பேரைக் கொடுத்திருக்காரு."

"எந்த விலாசம் கொடுத்தான்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப்பின் மோர் ஊற்ற வரவில்லை.

ஜூலை 5

மோர் இல்லை.

ஜூலை 18

சவரிமுத்து மறுபடியும் குன்னூருக்குப் போயிருக்கிறான். பூசைக்குப் போனானாம். கோயம்புத்தூரில் மாதா கோயில் இல்லையா? நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"அந்தம்மா லண்டன்ல இருக்கற ருஷ்ய எம்பஸிக்கு எழுதப் போறாங்க சார். போலந்துக் காகிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டு ருஷ்யப் பிரஜைன்னு கையெழுத்துப் போட்டா, அவங்க நாட்டுக்குள்ள விடுவாங்களாம். மக அங்கதானே இருக்கான்னு சொல்றாங்க. அங்கேயிருந்துதான் உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தாங்களாம். வீட்டுக்காரரும் சின்னப் பையனும் அங்க பனியிலதான் செத்தாங்களாம். சிஸ்டர்மாருங்க எல்லாம் அழுறாங்க."

"என்னிடம் ஏன் சொல்கிறாய்?" என்றேன்.

"வேற யார்கிட்டச் சொல்றதுங்?"

இவனும் அனுப்பப்பட்டவனாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இந்த வருஷம் நான் யாரைத்தான் அப்படி நினைக்கவில்லை. அன்னூரில் பருத்தி எடுப்பவளை நினைத்தேன். ஜெயிலில் கிடக்கிற தம்பிகூட யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் என் பேரைச் சொன்னானோ என்று நினைத்தேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

ஜூலை 21

தூக்கம் சரியில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஒரு பெண்பிள்ளை அந்த வார்த்தையை நம்பித் தான் சாகக் கிடந்த ஊருக்குத் திரும்பப் போகிறாள். அவள் மகள் பாரசீகக் கரையில் இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருவருக்கும் நடுவில் நிற்பது நான் மட்டும்தான்.

ஜூலை 24, குன்னூர்

வயிற்றுவலி என்று லீவு போட்டேன். ரயிலில் யாரும் பின்தொடரவில்லை என்று நினைக்கிறேன். பச்சைத் தலைப்பாகை ஒருவர் லவ்டேல் போகிறேன் என்று தானாகவே சொன்னார், அது மட்டும் கொஞ்சம் இடித்தது.

மடத்துச் சிஸ்டர் ஒருவர் எங்களைத் தையல் அறையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். மேஜைமேல் ருஷ்ய எம்பஸிக்குப் போகும் மனு இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை.

"அம்மா, அது ருஷ்யா இல்லை. பாரசீகம். பஹ்லவி துறைமுகம். போன வருஷம் ஏப்ரல். உங்கள் மகள் கப்பலில் வந்து இறங்கினாள். அந்தக் கப்பலை வெட்டிவிட்டார்கள்" என்றேன்.

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"உங்களை யார் அனுப்பினார்கள்?"

"யாரும் அனுப்பவில்லை."

"ஜூன் மாதம் ருஷ்யா. தாளைக் காட்டினீர்கள். ஜூலை மாதம் பாரசீகம். தாள் எங்கே?"

"அதிகாரி பூட்டி வைத்திருக்கிறார்."

"நான் ருஷ்யாவுக்குப் போனால் யாருக்கோ சங்கடம். போகாமல் தடுக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். முதலில் எங்களை வீரர்கள் என்றார்கள். பிறகு எங்கள் பேரைச் சொல்லக் கூடாது என்றார்கள். எங்கள் பிணங்களைப் பற்றிக்கூடக் கேட்கக் கூடாது என்றார்கள். இப்போது என் மகளை வைத்து விளையாடுகிறீர்கள்."

பேசும்போது அவள் குரல் உயரவில்லை. ஆறு மாதமாக நான் எல்லார்மேலும் வீசிய சந்தேகப் பார்வையை அவள் என்மேல் வீசினாள். தாங்க முடியவில்லை. சத்தியம் செய்யலாம் என்றால், என் சத்தியத்தை யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

சிஸ்டரிடம் காகிதம் கேட்டேன். இங்கிலீஷில் எழுதினேன். இந்தப் படம் 1942 ஏப்ரலில் பாரசீகத்தில் பஹ்லவி துறைமுகத்தில் எடுத்தது. இதில் இருப்பவர்கள் ருஷ்யாவிலிருந்து வந்த போலந்து மக்கள். ருஷ்யக் குடியானவர் என்று சொன்னது மேலிடத்து உத்தரவு, சொன்னவன் நான். கீழே முழுப்பேர், அப்பா பேர், உத்தியோகம், வீட்டு விலாசம் எல்லாம் போட்டேன். கு. தணிகாசலம் என்ற பேரில் "ணி"க்கு நேரே மை சிதறிவிட்டது. இங்கிலீஷ் கடிதம் என்பதை மறந்து தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"இது தபாலில் போகும். வழியில் பிரித்துப் படிப்பார்கள்" என்றாள்.

"படிப்பார்கள்."

"உங்களுக்கு என்ன ஆகும்?"

"வேலை போகும். ஜெயிலாகவும் இருக்கலாம். தெரியாது."

அவள் காகிதத்தை எடுக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா அதில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

"கை நடுங்குகிறது" என்றாள். "அப்படியானால் உண்மைதான்."

பிறகுதான் அழுதாள். சிஸ்டர் என்னை வெளியே போகச் சொன்னார்.

ஆகஸ்ட் 12, கோயம்புத்தூர்

ராவ் சாகிப் கதவைச் சாத்தச் சொன்னார். மேஜைமேல் என் கடிதத்தின் நகல். தணிக்கை இலாகா எடுத்து அனுப்பியிருக்கிறது.

"இது உம்ம எழுத்தா ஓய்? யோசிச்சுச் சொல்லும். யாரோ உம்ம பேர்ல எழுதியிருக்கான்னு ஒரு வரி எழுதித் தாரும். நான் முடிச்சுடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை.

"என் எழுத்துதான் சார். அசல் என்ன ஆச்சு?"

"கான்சல் தபாலை நிறுத்த முடியாது. போயாச்சு. அந்தம்மா ருஷ்யாவுக்கு மனுவே அனுப்பலையாம். உமக்கு அதனால என்ன ஓய் லாபம்?"

மைக்கைச் சவரிமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். லோகாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏகாம்பரத்துக்கு நாலு பக்கம் எழுதினேன், விலாசத்தோடு. அவள் தட்டு வைத்து மோர் ஊற்றினாள்.

இன்னும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. தட்டினால், யார் என்று கேட்காமல் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.